இரவலும் பகர்ப்பும்: கேரள எல்லைத் தமிழ் நூலகங்களும் பதிப்புரிமைச் சொற்களின் வரலாறும்

1. நோக்கம்

நூலகம் நூலை இரவல் கொடுக்கிறது என்பது யாவரும் அறிந்த செய்தி. நூல் மின்வடிவில் இருக்கும்போதும் நூலகம் செய்வது இரவல் கொடுத்தல்தானா, அன்றிப் படியெடுத்துக் கொடுத்தலா என்னும் வினா அண்மைக் காலத்தில் பல நாட்டு நீதிமன்றங்களின் முன் வந்துள்ளது. இது சட்டத்துறையார்க்கு மட்டும் உரிய வினா அன்று. இரவல், கடன், படி, பதிப்பு, உரிமை ஆகிய சொற்கள் ஒவ்வொன்றும் எச்செயலைச் சுட்டுகின்றன என்பதைப் பொறுத்தே விடை அமைகின்றது. ஆதலின் மொழியியலாரும் மொழிபெயர்ப்பாளரும் இதனைப் புறக்கணித்தல் இயலாது.

பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களின் எல்லைப்பகுதிகளை இக்கட்டுரை நிலைக்களமாகக் கொள்கின்றது. தமிழும் மலையாளமும் ஒரே அலமாரியில் அருகருகே நிற்கும் நூலகங்கள் இங்கு உள்ளன. பதிப்புரிமை என்னும் தமிழ்ச் சொல்லும், அதே கருத்துக்கு மலையாளத்தில் வழங்கும் பகர்ப்பவகாசம் என்னும் சொல்லும் ஒரே வாசகரின் காதில் விழுகின்றன. ஒரு சட்டத்துக்கு அமைந்த இவ்விரு பெயர்கள் ஒன்றையே சொல்லவில்லை என்பதே இக்கட்டுரை நிறுவ முற்படும் கருத்து.

இதனை எழுதத் தூண்டிய நிகழ்ச்சி சிறியது. சித்தூர் வட்டத்து ஊர் நூலகம் ஒன்றில், நெடுங்காலமாக மறுபதிப்புக் காணாத தமிழ் மொழிபெயர்ப்பு நாவல் ஒன்றைத் தமிழ்வழிப் பள்ளி ஆசிரியர் ஒருவர் பக்கம் பக்கமாகக் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டிருந்தார். தம் மாணவர்க்கு அனுப்புவதே அவர் எண்ணம். நூலகச் செயலாளர் தயங்கியபடி, “மாஷே, இதுக்குப் பகர்ப்பவகாசம் இருக்குமே?” என்றார். ஆசிரியர், “பதிப்புரிமையைத்தானே சொல்றீங்க? நாம ஒண்ணும் பதிப்பிக்கலையே, சார்” என்றார். இருவரும் ஒரே சட்டத்தையே குறிப்பிட்டனர். ஆயினும் ஒருவர்க்கு அச்சம் தந்த சொல் மற்றவர்க்குத் துணிவு தந்தது.

2. எல்லையின் பழைய வரைபடம்

இன்று ஒரே மாநிலத்தின் பகுதிகளாக விளங்கும் இவ்விடங்கள் 1949 வரை மூன்று ஆட்சிகளின் கீழ் இருந்தன. பாலக்காடு சென்னை மாகாணத்து மலபார் மாவட்டத்தைச் சேர்ந்தது. அதற்கு அணித்தே உள்ள சித்தூர் கொச்சி அரசுக்கு உரியது. தேவிகுளம், பீர்மேடு ஆகிய மலைப்பகுதிகள் திருவிதாங்கூரைச் சார்ந்தவை. 1949ஆம் ஆண்டு சூலை முதல் நாள் திருவிதாங்கூரும் கொச்சியும் இணைந்தன. 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மலபாரும் சேர்ந்து கேரள மாநிலம் தோன்றியது. தேவிகுளமும் பீர்மேடும் தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்ற கோரிக்கையை மாநிலச் சீரமைப்பு ஆணையம் ஏற்கவில்லை. தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகியன சென்னை மாநிலத்துக்கு வந்தன. மலைத் தோட்டங்களில் வாழ்ந்த தமிழர் கேரளத்திலேயே நின்றனர். இடுக்கி தனி மாவட்டமானது 1972இல்.

நூலக வரலாறும் இம்மூன்று கூறுகளின்படியே நடந்தது. இந்தியாவில் மாநில அளவில் இயற்றப்பட்ட முதல் பொது நூலகச் சட்டம் 1948ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டம் என்பது பலரும் அறிந்ததே. மலபார் அப்போது சென்னையின் பகுதியாதலால் பாலக்காட்டுக்கு அச்சட்டம் உரியதாயிற்று; நூலக வரி, உள்ளாட்சி நூலக ஆணைக்குழு என்னும் அமைப்புகள் அங்கு வந்தன. திருவிதாங்கூரில் வழி வேறு. பி.என். பணிக்கர் முன்னின்று 1945இல் அம்பலப்புழையில் தொடங்கிய கிரந்தசாலா சங்கம், ஊரார் தாமே நடத்தும் வாசகசாலைகளின் கூட்டமைப்பாக வளர்ந்தது. இவ்விரு மரபுகளையும் கேரளப் பொது நூலகச் சட்டம் 1989இல் ஒருங்கிணைத்தது. எனவே எல்லைப்புற நூலகத்தின் அமைப்பு கேரளத்தது. அதன் தமிழ் அலமாரிக்கு வரவேண்டிய நூலோ எல்லைக்கு அப்பால் அச்சாவது. தமிழ்நாட்டுப் பொது நூலகத் துறை செய்யும் கொள்முதல் அம்மாநில நூலகங்களுக்கே உரியது. மூணாற்றிலோ வண்டிப்பெரியாற்றிலோ கொழிஞ்சாம்பாறையிலோ இருக்கும் தமிழ் வாசகர் அவ்வரம்புக்கு வெளியே நிற்கிறார். அவர் கையில் உள்ள பழைய நூலின் தாள் உதிர்ந்தால் அதற்கு மாற்று வருவது அரிது. மின்வடிவ இரவல் சென்னை வாசகர்க்கு வசதி. இவர்க்கோ நூல் கிடைப்பதற்கு உள்ள ஒரே வழியாகவும் அது ஆகக்கூடும்.

3. இரவல், கடன், படி

தமிழ், வாங்கித் திருப்பித் தரும் செயல்களைக் கூர்மையாக வேறுபடுத்தும் மொழி. கடன் வாங்கியவர் வாங்கிய பொருளையே திருப்ப வேண்டியதில்லை. அதற்கு ஈடானதைத் திருப்பினால் போதும். ஒரு படி அரிசி கடன் வாங்கியவர் வேறொரு படி அரிசியைத் தருவார். இரவல் அத்தகையதன்று. இரவல் நகை, இரவல் புடவை என்னும்போது அந்நகையே, அப்புடவையே திரும்ப வேண்டும். கைமாற்று என்பது இவ்விரண்டினின்றும் வேறானது. வட்டியின்றிக் குறுகிய காலத்துக்குப் பெறும் பணம். உரோமானியச் சட்டம் இருவேறு ஒப்பந்தங்களாகப் பிரித்துக் காட்டிய வேறுபாட்டைத் தமிழ் தன் அன்றாடச் சொற்களிலேயே வைத்திருக்கிறது எனலாம்.

இரவல் என்பது ‘இர’ என்னும் வினையடியாகப் பிறந்தது. கேட்பவர் கொடுப்பவர் நிலை வேறுபாட்டை ஈ, தா, கொடு என்னும் மூன்று சொற்களால் வகுத்த தொல்காப்பியச் சொல்லதிகார எச்சவியலை ஈண்டு நினைவு கூரலாம். இரத்தலில் ஒரு தாழ்வு உண்டு. ஆனால் நூலை இரவல் கேட்பதில் அத்தாழ்வு பெரும்பாலும் மறைந்துவிட்டது. அதற்கு நூலகமே காரணம் என்பது இக்கட்டுரையாளர் துணிபு.

இரவலின் பொருட்கூறுகளுள் இங்கு இன்றியமையாதது ஒன்று: பொருள் கொடுத்தவரை விட்டு நீங்குகிறது. இரவல் போன நூல் அலமாரியில் இராது. அந்த வெற்றிடமே இரவலுக்குச் சான்று.

‘படி’ இதற்கு நேர் மாறானது. படியெடுத்தபின் மூலமும் இருக்கும், படியும் இருக்கும். ஓலைச்சுவடிக் காலத்தில் இவ்விரண்டும் ஒரே செயலின் இரு பாதிகளாக இருந்தன. சுவடியை இரவல் வாங்குவது, படியெடுப்பது, மூலத்தைத் திருப்பித் தருவது என்பதே புலவர் வழக்கம். உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியை அச்சிடுவதற்கு முன் ஊர் ஊராகத் தேடிப் பெற்ற ஏடுகள் இம்முறையில் வந்தவையே. இரவல் கொடுத்தவர் படியெடுத்தலைக் குற்றமாகக் கருதவில்லை. படியெடுக்கவே இரவல் என்பது மரபு. ஏடு சிதைவதற்கு முன் படி பிறக்க வேண்டும் என்பதே அவர்தம் கவலை. இம்மரபை இன்றைய சட்டத்துக்கு ஆதாரமாகக் கொள்ளலாகாது. ஏட்டை எழுதி விற்றுப் பிழைத்த நூலாசிரியர் அக்காலத்தில் இல்லை.

படி என்னும் பெயர்ச்சொல்லும் படி என்னும் வினையடியும் ஒலியால் ஒன்று. இவற்றின் உறவு பற்றிச் சொற்பிறப்பியலார் விவாதிக்கட்டும். கணினித் திரையில் ஒரு பக்கத்தைப் படிக்க வேண்டுமாயின் கருவி அப்பக்கத்தைத் தன் நினைவகத்தில் முதலில் படியெடுத்தாக வேண்டும். படியெடாமல் படித்தல் மின்வடிவில் நிகழாது. தாள் நூலில் தனித்தனியாக நின்ற இரு செயல்கள் இங்கு ஒன்றாகிவிட்டன. இன்றைய சிக்கலின் வேர் இதுவே.

4. பகர்ப்பும் பதிப்பும்

மலையாளத்தில் பகர்ப்பு என்பது படி; அவகாசம் என்பது உரிமை. பகர்ப்பவகாசம் என்பது படியெடுக்கும் உரிமை என நேர்ப்பொருள் தருகின்றது. ஆங்கிலச் சொல்லின் இரு உறுப்புகளையும் அது அப்படியே ஏற்றுக்கொண்டது. பகருக என்னும் வினைக்கு அம்மொழியில் ஒரு கலத்தினின்று மற்றொரு கலத்துக்கு ஊற்றுதல் என்னும் பொருள் உண்டு. நோய் தொற்றுதலையும் அதுவே குறிக்கும்; தொற்றுநோய்க்குப் பகர்ச்சவியாதி என்று பெயர். ஊற்றும்போது முதற்கலம் வெறுமையாகிறது. தொற்றும்போது முதலில் நோயுற்றவரிடமிருந்து நோய் நீங்குவதில்லை. இருவரிடமும் அது இருக்கிறது. இரவலையும் படியையும் பிரிக்கும் கோடு இவ்வொரே வினைச்சொல்லின் இரு பொருள்களுக்கு நடுவே ஓடுகிறது. நூலகம் மின்னூலை அனுப்பும்போது ஊற்றுகிறதா, தொற்றச் செய்கிறதா என்று கேட்டால், வழக்கு முழுவதும் அவ்வினாவுள் அடங்கிவிடும்.

எல்லைத் தமிழர் காதில் இச்சொல் ஒரு விளையாட்டும் காட்டுகிறது. தமிழில் பகர்தல் சொல்லுதல். அவகாசம் காலம் அல்லது வாய்ப்பு. மலையாளம் அறியாத தமிழர் பகர்ப்பவகாசம் என்பதைப் ‘பேசுவதற்குத் தரப்பட்ட நேரம்’ என்று கொள்ளக்கூடும். பிழையான பொருள்தான், எனினும் இவ்வுரிமை கால வரையறை உடையது என்பதை நோக்க, அவகாசம் என்னும் சொல் முற்றும் பொருந்தாதது என்றும் கூற இயலவில்லை.

தமிழின் பதிப்புரிமை வேறொரு செயலை மையமாகக் கொண்டது. பதித்தல், பதிப்பித்தல் என்பன அச்சின் வழி வந்த சொற்கள். அச்சிட்டு வெளியிடுபவரே படியெடுப்பவராகவும் இருந்த காலத்தில் அச்சொல் போதியதாக இருந்தது. பழைய நூல்களின் முகப்பில் ‘காப்பிரைட்’ என ஆங்கிலச் சொல்லையே தமிழ் எழுத்தில் அச்சிட்டதும் உண்டு. பின்னர்க் காப்புரிமை என்னும் சொல்லும் வழக்கில் புகுந்தது. ஆ.இரா. வேங்கடாசலபதி பாரதியின் உரிமை வரலாறு பற்றி 2015இல் வெளியிட்ட நூலின் தலைப்பில் காப்புரிமையே இடம்பெறுகின்றது. இதே சொல் கண்டுபிடிப்பாளர்க்குத் தரப்படும் உரிமையையும் குறிப்பதால் மொழிபெயர்ப்பாளர் அடிக்கடி இடர்ப்படுகின்றனர். காப்புரிமை என்பதைக் ‘காப்பி உரிமை’ என்று கேட்டு ஏற்றுக்கொண்டவரும் உளர் என எண்ண இடமுண்டு. இலங்கை வழக்கோ வேறு: அங்கு 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கச் சட்டம் புலமைச் சொத்துச் சட்டம் எனப்படும், தமிழ்நாட்டில் அக்கருத்து அறிவுசார் சொத்துரிமை ஆகிறது.

மலையாளத்தில் வாய்ப்ப என்னும் சொல் பணக்கடனுக்கும் பொருளிரவலுக்கும் பொதுவாக வழங்கும். ஆக, தமிழ் இரவலையும் கடனையும் பிரிக்கிறது. ஆனால் படியெடுத்தலைப் பதிப்பு என்னும் சொல்லுக்குள் மறைத்துவிடுகிறது. மலையாளம் கடனையும் இரவலையும் கலந்துவிடுகிறது. ஆனால் படியெடுத்தலை வெளிப்பட நிறுத்துகிறது. சித்தூர் வட்டத்துச் செயலாளரும் ஆசிரியரும் முரண்பட்டது இக்காரணத்தாலேயே.

5. நாட்டுடைமை: எந்நாட்டுடைமை?

பதிப்புரிமை என்னும் சொல்லின் குறுக்கம் முதலில் வெளிப்பட்டது பாரதி பாடல்களின் வழக்கில்தான். பாரதி 1921இல் மறைந்தார். அச்சு உரிமை காலப்போக்கில் அவர் தம்பி சி. விசுவநாத ஐயரிடம் சென்றது. பாடல்களை ஒலிப்பதிவு செய்யும் உரிமை தனியே விற்கப்பட்டு ஏ.வி. மெய்யப்பனிடம் வந்தது. 1948இல் வெளிவந்த ‘பில்கணன்’ திரைப்படத்தில் டி.கே.எஸ். சகோதரர்கள் பாரதி பாடலைப் பயன்படுத்தியபோது பிணக்கு எழுந்தது. கவனிக்க வேண்டியது யாதெனில், அன்று நாட்டைக் கலக்கியது அச்சு அன்று. ஒலித்தட்டும் திரைப்படமும் ஆகும். யாரும் எதையும் பதிப்பிக்கவில்லை. எனினும் தமிழ் அவ்வுரிமையையும் பதிப்புரிமை என்றே அழைத்தது.

1949இல் ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் தலைமையிலான சென்னை அரசு பாரதி படைப்புகளின் உரிமையைப் பெற முன்வந்தது. விசுவநாத ஐயர்க்கு 15,000 ரூபாயும், பாரதியின் மனைவிக்கும் இரு மகளிர்க்கும் தலைக்கு 5,000 ரூபாயும் வழங்கப்பட்டன. மெய்யப்பன் தம் உரிமையை விலையின்றி விட்டுக்கொடுத்தார். 1955இல் அப்படைப்புகளை யாவரும் வெளியிடலாம் என்னும் நிலை ஏற்பட்டது. பின்னர் வந்த தமிழ்நாட்டரசுகள் இவ்வழியைப் பின்பற்றின. 1990களில் பாரதிதாசன், அண்ணா போன்றோரின் நூல்களும், தொடர்ந்து பலருடைய நூல்களும் நாட்டுடைமையாக்கப்பட்டன. மரபுரிமையர்க்குப் பரிவுத்தொகை தரப்பட்டது. எல்லாரும் இசைந்தனர் என்று சொல்வதற்கில்லை. 2009இல் வெளியான பட்டியலில் இருந்த சுந்தர ராமசாமி, கண்ணதாசன் ஆகியோரின் குடும்பத்தார் உடன்படவில்லை.

நாட்டுடைமை என்னும் சொல் ஆராயத்தக்கது. 1969இல் வங்கிகள் நாட்டுடைமை ஆனபோது அரசு அவற்றைத் தன் கையில் எடுத்துக்கொண்டது. நூல்கள் நாட்டுடைமை ஆகும்போது அரசு அவற்றைப் பெற்று உடனே கைவிடுகிறது. முன்னதில் உடைமை அரசிடம் நிற்கிறது. பின்னதில் உடைமையே இல்லாமற் போகிறது. ஒரே சொல் எதிர்மறையான இரு விளைவுகளைக் குறிப்பது தமிழ் ஆட்சிமொழியின் விந்தைகளுள் ஒன்று.

இனி, நாடு என்பது எது? 1949இல் உரிமை பெற்ற சென்னை மாகாணத்தில் பாலக்காடு அடங்கியிருந்தது. சித்தூரும் தேவிகுளமும் அடங்கவில்லை. 1955இல் பாடல்கள் பொதுவாக்கப்பட்டபோதும் அந்நிலை மாறவில்லை. 1956க்குப் பின் மூன்றுமே அந்நாட்டுக்கு வெளியே. எனினும் உரிமையாளர் கைவிட்ட உரிமை மாநில எல்லையில் மீண்டும் உயிர்பெறுவதில்லை. பதிப்புரிமைச் சட்டம் இந்தியா முழுமைக்கும் ஒன்று. தேவிகுளத்து நூலகம் நாட்டுடைமை நூலை மின்வடிவில் தரலாம்; கோழிக்கோட்டு மொழிபெயர்ப்பாளர் அதனை மலையாளமாக்கலாம். தமிழ் இணையக் கல்விக்கழகம் அந்நூல்களை இணையத்தில் வைத்திருப்பது இடுக்கி வாசகர்க்கும் உரியதே. ஆனால் அச்சொல்லைக் கேட்கும் கேரளத்து நூலகருக்கு, அது வேறொரு நாட்டின் உடைமை என்றே தோன்றுமாயின் வியப்பில்லை. சொல்லே அவரைத் தடுக்கிறது.

தமிழ்நாடு இவ்வாறு கதவைத் திறந்துகொண்டிருந்த காலத்தில் நடுவணரசு எதிர்த்திசையில் சென்றது. 1941இல் மறைந்த தாகூரின் நூல்களுக்கு உரிமை 1991 இறுதியில் முடிவடையவிருந்தது. அதனை முன்னிட்டு, ஆசிரியர் மறைவுக்குப் பின் 50 ஆண்டுகள் என இருந்த காலம் 60 ஆண்டுகள் ஆக்கப்பட்டது. ஒருவர் பொருட்டு வந்த திருத்தம் எல்லா மொழி எழுத்தாளர்க்கும் பொருந்துவதாயிற்று.

6. மொழிபெயர்ப்பு உள்ளே வந்த வரலாறு

படியெடுத்தல் என்பதன் எல்லை நிலையானதன்று என்பதற்கு மொழிபெயர்ப்பின் வரலாறே சான்று. பிரித்தானிய இந்தியாவின் 1914ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் குறிப்பிடத்தக்க விலக்கு ஒன்று இருந்தது. இங்கு முதலில் வெளியான நூலை மொழிபெயர்க்கும் தனியுரிமை வெளியீட்டிலிருந்து 10 ஆண்டுகளே நிற்கும். அதற்குள் ஆசிரியர் ஏதேனும் ஒரு மொழியில் மொழிபெயர்ப்பு வெளியிட்டால் அம்மொழியைப் பொறுத்து மட்டும் இவ்வரம்பு நீங்கும். பல மொழிகள் வழங்கும் நாட்டில் நூல்கள் மொழி கடந்து செல்ல வேண்டும் என்னும் கருத்து இதில் காணப்படுகின்றது. 1958 சனவரி 21 முதல் நடைமுறைக்கு வந்த 1957ஆம் ஆண்டுச் சட்டம் இவ்விலக்கை நீக்கி, மொழிபெயர்ப்பு உரிமையை முழுக்காலத்துக்கும் ஆசிரியர்க்கு உரியதாக்கியது. அதற்கு மாற்றாக 32ஆம் பிரிவு, வெளியீட்டிலிருந்து ஏழாண்டுகள் கழித்து உரிய அமைப்பிடம் மொழிபெயர்ப்பு உரிமம் கேட்டு விண்ணப்பிக்க வழிவகுத்தது. மொழிபெயர்ப்பாளருள் பலர் இப்பிரிவை அறியார்.

இதன் விளைவு இருமொழி எல்லையில் நன்கு தெரியும். தகழியின் ‘செம்மீன்’ 1956இல் வெளிவந்தது. சுந்தர ராமசாமி அதனைத் தமிழாக்கினார். தகழி மறைந்தது 1999இல். சுந்தர ராமசாமி மறைந்தது 2005இல். ஆயுட்காலத்தை ஒட்டிய கணக்குப்படி மூலத்தின் உரிமை 2059 இறுதி வரையும், மொழிபெயர்ப்பாளர் பெயரிலேயே உரிமை நிற்கும் மொழியாக்கத்தின் உரிமை 2065 இறுதி வரையும் செல்லும். மலையாள நாவல் பொதுவான பின்னும் அதன் தமிழ் வடிவம் ஆறாண்டுகள் பூட்டுக்குள் இருக்கும். மொழிபெயர்ப்பாளர் தம் ஆக்கத்துக்குப் படைப்பாளர் என மதிக்கப்படுதல் முறையே; இக்கட்டுரையாளர் அதனை எதிர்ப்பவர் அல்லர். எனினும் நூலகச் செயலாளர் அனுமதி கேட்க வேண்டிய முகவரிகள் இரண்டாகின்றன. இரண்டும் பல வேளைகளில் கிடைப்பதில்லை. எல்லைப்புற நூலகத்தில் மொழிபெயர்ப்பே மிகுதியாகத் தேவைப்படும் நூல்வகை என்பதையும் கருத வேண்டும்.

7. மின்வடிவ இரவல்

தாள் நூலை நூலகம் இரவல் தருவதற்கு இந்தியச் சட்டத்தில் யாருடைய இசைவும் வேண்டியதில்லை. ஒருமுறை விற்கப்பட்ட படி, புழக்கத்தில் உள்ள படியாகக் கருதப்படும் என்று 14ஆம் பிரிவின் விளக்கம் கூறுகிறது. டென்மார்க்கு 1946 முதலும், பிரித்தானியா 1979ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியும் நூலக இரவலுக்காக எழுத்தாளர்க்கு அரசுப் பணம் தருகின்றன. அத்தகைய ஏற்பாடு இங்கு இல்லை. இரவல் கொடுத்தலைச் சுட்டும் சொல் 2012ஆம் ஆண்டுத் திருத்தத்தில், வணிக வாடகை என்பதன் வரையறையில் வருகின்றது. அதுவும் திரைப்படம், ஒலிப்பதிவு, கணினி நிரல் ஆகியவற்றைப் பற்றியதே. நூல் இரவலைச் சட்டம் பெயரிட்டுச் சொல்லவில்லை. சொல்லாததனாலேயே அது கட்டற்றதாக இருந்தது.

மின்வடிவுக்கு அச்சுதந்திரம் இல்லை. 1994ஆம் ஆண்டுத் திருத்தம், மின்கருவியில் சேமித்தலும் படியெடுத்தலே என்று தெளிவாக்கியது. 2012ஆம் ஆண்டுத் திருத்தம் நூலகத்துக்கு ஒரு சலுகை தந்தது: தன்னிடம் தாள்படி உள்ள நூலை, வணிக நோக்கற்ற பொது நூலகம் பாதுகாப்பின் பொருட்டு மின்வடிவில் சேமிக்கலாம். பாதுகாக்கலாம் என்றது, வாசகர்க்கு அனுப்பலாம் என்று சொல்லவில்லை. இணையத்தின் வழி அனுப்புதல் பொதுமக்களுக்கு எட்டச்செய்தல் என்னும் வேறொரு தனியுரிமையுள் அடங்கக்கூடும். ஏடு சிதையுமுன் படி பிறக்க வேண்டும் என்ற பழைய கவலையைச் சட்டம் ஏற்றுக்கொண்டது. படியை யார் படிப்பது என்பதில் வாய் திறக்கவில்லை.

பிற நாடுகளில் இவ்வினா நேராகவே வந்தது. ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2016 நவம்பர் 10இல், நெதர்லாந்து நூலகங்களின் வழக்கில், ஒரு படியை ஒரு வேளையில் ஒருவரே பயன்படுத்த முடியுமாயின் மின்னூல் வழங்கலும் இரவலே என்று விளக்கியது. அமெரிக்காவில் முடிவு வேறாயிற்று. இணைய ஆவணகம் தன்னிடமுள்ள தாள்நூலைப் பூட்டி வைத்து, அதன் மின்படியை ஒரு வேளையில் ஒருவர்க்கே தரும் முறையைக் கைக்கொண்டிருந்தது. பெருந்தொற்றுக் காலத்தில், 2020 மார்ச்சில், காத்திருப்புப் பட்டியலை நீக்கிப் பலர்க்கும் ஒருங்கே தந்தது. நான்கு பதிப்பகங்கள் 127 நூல்களை முன்னிறுத்தி வழக்குத் தொடுத்தன. 2023 மார்ச் 24இல் நியூயார்க்கு நீதிமன்றமும், 2024 செப்டம்பர் 4இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் ஆவணகத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தன. பூட்டி வைத்துத் தருவதும் நியாயமான பயன்பாடு ஆகாது என்பது அத்தீர்ப்பு. ஐரோப்பாவில் ஊற்றுதலாகத் தோன்றியது அமெரிக்காவில் தொற்றுதலாயிற்று.

ஆவணகம் பூட்டைத் திறந்தது பிழை என்றே இக்கட்டுரையாளர் கருதுகிறார். வெற்றிடம் இல்லாத இடத்தில் இரவல் இல்லை. ஆனால் பூட்டு இருந்த காலத்தில் நிகழ்ந்ததற்குத் தமிழில் இரவல் என்பதே சரியான பெயர்: கொடுத்தவரிடம் அப்போது பயன் இல்லை, திரும்பியபின் உண்டு. இம்முறைக்கு ‘ஒருபடி இரவல்’ என்னும் சொல்லைப் பரிந்துரைக்கலாம். இன்று தமிழ்ச் செய்திகளில் மின்னூல் இரவல், மின்னூல் பதிவிறக்கம், மின்னூல் பகிர்வு என்பன ஒன்றுக்கொன்று மாற்றாக ஆளப்படுகின்றன. பதிவிறக்கமும் பகிர்வும் படியெடுத்தல். அவற்றை இரவல் என்று எழுதும் மொழிபெயர்ப்பாளர் நூலாசிரியர்க்குத் தீங்கிழைக்கிறார். சில நூறு படிகளே விற்கும் தமிழ் நூலின் ஆசிரியர்க்கு இது சிறு இழப்பன்று. மறுதலையாக, ஒருபடி இரவலைத் திருட்டு என்று எழுதுபவர் வாசகர்க்குத் தீங்கிழைக்கிறார்.

இனிச் சித்தூர் வட்டத்து நாவலுக்கு வருவோம். ஆசிரியர் கூறிய காரணம் பிழை. பதிப்பிக்காமலும் படியெடுக்க முடியும், அதுவும் உரிமைக்கு உட்பட்டதே. ஆனால் கற்பித்தலின்போது ஆசிரியரோ மாணவரோ படியெடுப்பதைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு விலக்குகளுள் சேர்த்துள்ளது. தில்லிப் பல்கலைக்கழக ஒளிநகல் கடை வழக்கில் 2016இல் தில்லி உயர்நீதிமன்றம் இவ்விலக்கை விரிவாகவே பொருள்கொண்டது. முழு நாவலுக்கும் அது செல்லுமா என்பது கற்பித்தலின் தேவையைப் பொறுத்தது. செயலாளரின் அச்சமும் ஒரு பகுதிக்கே பொருந்தும். இந்தியாவில் விலைக்குக் கிடைக்காத நூலை, வணிக நோக்கற்ற பொது நூலகத்தின் பொறுப்பாளர் தம் நூலகப் பயனுக்காக மூன்று படிகள் வரை எடுக்கலாம் என்று அதே பிரிவு கூறுகின்றது. இருவர்க்கும் உரிமை இருந்தது; இருவர் கையாண்ட சொற்களும் அதனைக் காட்டவில்லை.

நாவல் எங்கும் விலைக்கு இல்லை என்பதை விசாரித்து உறுதிசெய்துகொண்டு, மூன்று படிகள் எடுத்துக் கட்டடம் செய்து அலமாரியில் வைக்குமாறும், மூலத்தின் மின்படி ஒன்றைப் பாதுகாப்புக்கென நூலகக் கணினியில் சேமிக்குமாறும் செயலாளர்க்கு எழுதினேன். அவர் விடுத்த மறுமொழியில் ஒரு வினா இருந்தது: எடுக்கும் மூன்று படிகளுள் ஒன்றை மறையூர் நூலகத்துக்கு இரவல் கொடுக்கலாமா? நூலகப் பயன் என்பது எந்த நூலகத்தின் பயன் என்பதைச் சட்டத்தின் சொற்களிலிருந்து இன்னும் தெளிய முயல்கிறேன்.